அளவெடுக்காமல் தைத்த சட்டை

ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை பெற்றோர் கூட்டம் நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறார்களாம். உங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்குகிற பிள்ளையா என் பிள்ளை? கொஞ்சம் நீளமாகத்தான் வரும். துணியையே நான் இறுக்கி வெட்டுகிறவன் இல்லை. உள்தையலுக்கு ஒரு இஞ்ச் தாராளமாக விட்டுத்தான் வெட்டுவேன்.

முதலில் என்னைப் பற்றி. நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினோரு வயதில் ஒரு தையல் கடையில் பொத்தான் வைக்க உட்கார்ந்தேன். இருபத்து நாலில் சொந்த மெஷின், முப்பதில் சொந்தக் கடை. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஆள் கடைப்படி ஏறும்போதே இடுப்பு எத்தனை என்று சொல்லிவிடுவேன். டேப் வைத்துப் பார்த்தால் அரை இஞ்ச்கூடத் தப்பாது. இதை நம்பாத ஒருவர் என்னிடம் பந்தயம் கட்டித் தோற்று, அந்த வெட்கத்திலேயே இரண்டு பேன்ட் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் தெருமுனையில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இருபத்தெட்டு வருஷம் சீருடை தைத்தது நான்தான். அறுநூற்று நாற்பது பிள்ளைகள். சரியில்லை என்று ஒரு சட்டை திரும்பி வந்ததாக யாரும் சொல்ல முடியாது.

இனி மகள் கதை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள். வெட்டு மேஜைக்கு அடியில்தான் வளர்ந்தாள். இரண்டு வயதில் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, நிறம் பிரித்து, வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஒன்றை விழுங்கிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அது பத்திரமாக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அவள் பெயர் பொத்தான். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் எங்களுக்கே யாரோ மாதிரி இருக்கும்.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததுமே என் கணக்குப்பிள்ளை அவள்தான். பள்ளி திறக்கிற மாதத்தில் பையன்களுக்கு நான் டேப் பிடிப்பேன், பெண்பிள்ளைகளுக்கு என் மனைவி பிடிப்பாள். நாங்கள் சொல்லச் சொல்ல அளவு நோட்டில் எழுதுவது பொத்தான்.

"மார்பு இருபத்தெட்டு, இடுப்பு இருபத்தஞ்சு, கை ஒன்பது."

"அப்பா, இந்த ஆளுக்கு வாய் எத்தனை இஞ்ச்னு எழுதட்டுமா? வகுப்புல மூடவே மாட்டேங்குது."

நிற்கிற பையன் முறைப்பான். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவாள். கடைக்கு வருகிற காகிதம் எதுவானாலும், கரண்ட் பில், வங்கிக் கடிதம், துணி மில்லிலிருந்து வருகிற விலைப்பட்டியல், எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது அவள்தான். எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் ஒவ்வொரு எழுத்தாகப் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும், பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்கவும் பிடிக்காது. என் மனைவிக்கு எண்கள் மட்டும்தான் தெரியும். ஆகவே எங்கள் வீட்டின் கண் பொத்தான்.

அவளுடைய சீருடையை மட்டும் நான் அளவெடுத்துத் தைத்ததில்லை. அது என் பெருமை. போன வருஷம் அவளுக்கு அளவு குறித்து வெட்டிய மாதிரி அட்டையை எடுப்பேன், சுற்றிலும் ஒரு இஞ்ச் கூட்டுவேன், சாக்கால் கோடு, கத்திரி, முடிந்தது.

"பெத்த பொண்ணுக்கு டேப் எதுக்கு? எனக்குத் தெரியாத அளவா?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவேன். அவர்களும் ஆச்சரியப்படுவார்கள். அறுநூற்று நாற்பது பிள்ளைகளில் அளவெடுக்கப்படாத ஒரே பிள்ளை என் பிள்ளை.

பதினாலு வயது முடிந்து பதினைந்து நடக்கும்போது பேச்சு குறைந்தது. நோட்டு எழுத வரவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் படுத்துக்கொள்வாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். என் மனைவி மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"உங்க பொண்ணு சரியாவே இல்லைங்க."

"எந்தப் பொண்ணு இந்த வயசுல சரியா இருக்கா? நீ இருந்தியா?"

"நான் சாப்பிட்டேன்."

"இவளும் சாப்பிடுவா. பாத்துக்கலாம்."

இந்த 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தையை நான் இப்போது வாயில் வைப்பதில்லை. கேட்கிறவனுக்கு வேலை நடக்கப்போகிற மாதிரி இருக்கும். சொல்கிறவன் அந்த நிமிஷமே மறந்துவிடலாம்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொத்தான்தான் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"கையெழுத்துப் போடணுமாம்."

போட்டேன். என் கையெழுத்து பெரிதாக இருக்கும், கடைசி எழுத்தின் வாலைக் கத்திரி மாதிரி வளைத்துவிடுவேன். கீழ்ப்பகுதியைக் கிழித்து வாங்கிக்கொண்டு போனாள். மேல்பகுதி என்னிடம் இருந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொன்று வந்தது, அதற்கும் கத்திரி வால். பள்ளிக்கூடத்துக் காகிதம் நல்ல கெட்டி. அப்படிப்பட்ட காகிதத்தை எந்தத் தையல்காரனும் தூக்கிப் போடமாட்டான்.

இடையில் துணி மாதிரி காட்டப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். நல்ல மனுஷி, நான் போனால் டீ வரவழைப்பார். நீலம் வெளுக்குமா வெளுக்காதா என்று பேசி முடித்ததும் சொன்னார்:

"உங்க பொண்ணு முன்ன மாதிரி இல்லைங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன டீச்சர் கவலை? பகல் பூரா உங்ககிட்டதானே இருக்கா. நீங்க பாத்துக்குங்க."

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம், பாத்துக்கலாம்."

இருவரும் சிரித்தோம். அவர் என்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டதாக நினைத்தார். நான் அவரிடம் கொடுத்துவிட்டதாக நினைத்து, டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாக வந்தேன். டம்ளரில் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தது நினைவிருக்கிறது.

அப்புறம் ஒருநாள் மகளே மேஜைக்கு வந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து மேஜைக்கு வருகிறாள்.

"அப்பா, சட்டைக்குக் கை நீளமா வச்சுத் தாங்க."

"முழுக்கையா? இந்தப் புழுக்கத்துலயா?"

"வகுப்புல குளிருது."

குளிருகிறது என்றால் குளிருகிறதுதான். என்னிடம் ஒரு வேலை வந்துவிட்டால் எனக்கு வேறெதுவும் தெரியாது. சும்மா ஒரு கையை நீட்டிவிட எனக்கு மனசு வருமா? மணிக்கட்டில் மூன்று விரல் அகலத்துக்குப் பட்டி, அதில் இரண்டு பொத்தான், மேலே நாலு சின்ன மடிப்பு. அந்தப் பட்டிக்கு மாதிரி வரைய அட்டை தேடினேன். இழுப்பறையில் அந்தப் பள்ளிக்கூடத்துக் காகிதங்கள் இருந்தன. ஒன்றின் முதுகில் வரைந்து வெட்டினேன். நானே சொல்லக்கூடாது, அப்படி ஒரு கையை இந்த வட்டாரத்தில் எவனும் தைத்ததில்லை. அடுத்த வாரம் பதின்மூன்று பெண்பிள்ளைகள் அதே கை வேண்டும் என்று கடைக்கு வந்து நின்றார்கள். தைத்துக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. கடிதம் இல்லை, ஃபோன். உடனே வரவேண்டும்.

பெரிய டீச்சர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அன்றைக்கு டீ வரவில்லை. சுவர் ஓரமாக விளையாட்டு டீச்சர் நின்றிருந்தார், பிள்ளைகள் விசில் டீச்சர் என்று கூப்பிடுகிறவர், கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். என் கழுத்தில் எப்போதும் டேப்.

"அரைக்கைதான் சீருடைன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களே விதியை மீறினா எப்படி?"

"விதியா? தையல்ல ஏதாவது குறை இருக்கான்னு சொல்லுங்க டீச்சர். பட்டி கோணலா? மடிப்பு ஏற்றத்தாழ்வா?"

"தையலைப் பத்தி நான் பேசலையே. பதினாலு பிள்ளைங்க முழுக்கையோட நிக்குது."

"நிக்குதுன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்!"

"நாளைக்குள்ள பதினாலையும் அரைக்கை ஆக்கிடணும்."

"என் கையால அதை வெட்டமாட்டேன்."

இப்படி அரைமணி நேரம் சண்டை. ஒன்றரை வருஷத்தில் அந்த அறையில் என் மகளுக்காக நடந்த முதல் பெரிய பேச்சு அதுதான், அதுவும் சட்டைக் கையைப் பற்றி. பெரிய டீச்சர் மூச்சு வாங்க நிறுத்தியபோது விசில் டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணே, பதிமூணு பிள்ளைங்க அழகுக்குப் போட்டிருக்கு. உங்க பொண்ணு எதுக்குப் போட்டிருக்கு?"

"குளிருதுன்னு சொன்னா."

"மைதானத்துலயும் மடிக்க மாட்டேங்குறா. அந்தக் கைக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

நான் கழுத்து டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கழுத்துல டேப் தொங்குதே. அவளுக்குக் கடைசியா எப்ப அளவு எடுத்தீங்க?"

பெரிய டீச்சர் விசில் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். "இதையெல்லாம் எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே."

"ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன் டீச்சர். பெற்றோருக்குக் கடிதம் அனுப்பி, கையெழுத்து வாங்கி ஃபைல்ல வச்சிருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

வீட்டுக்கு வந்தேன். பொத்தான் பள்ளியிலிருந்து வந்ததும் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். மனைவியிடம் டேப்பைக் கொடுத்தேன்.

"எதுக்குப்பா?" என்றாள்.

"அறுநூத்து முப்பத்தொம்பது பேருக்கு எடுத்தாச்சு. ஒருத்தர் பாக்கி."

"வேணாம்ப்பா."

"பாக்கி வச்சா எனக்குத் தூக்கம் வராதும்மா."

நின்றாள். சட்டையின் முதுகுப்பக்கம் ஊக்குகள். மனைவி ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ஏழு ஊக்கு. சட்டை தொளதொளவென்று போனது தெரியாமலிருக்க வாராவாரம் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டது என் மனைவிதான். பயந்துகொண்டு என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

என் அட்டையில் இடுப்பு இருபத்தேழு. மனைவி டேப்பை வைத்துவிட்டு இருபத்திரண்டு என்றாள். சரியாகப் பார் என்றேன். மறுபடியும் பார்த்தாள். இருபத்திரண்டுதான். வாசல்படி ஏறுகிறவன் இடுப்பைக் கண்ணால் சொல்கிறவன் நான்.

கை நீளத்துக்கு நானே டேப்பை வாங்கிக்கொண்டேன். இரண்டு பொத்தானைக் கழற்றி அந்தப் பட்டியை மடித்தேன்.

அதற்கு மேல் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவள் சொன்ன இடம் இது. காயத்துக்கு மருந்து போட்டோம், மூன்று பேரும் அழுதோம், மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம், இவ்வளவு போதும்.

மனநல மருத்துவர் சின்ன வயதுப் பெண். இந்தப் பிள்ளையா வைத்தியம் பார்க்கப் போகிறது என்று நினைத்தேன்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஒரு மாசமா," என்றேன் நான்.

"ஒன்றரை வருஷமா," என்றாள் பொத்தான். மருத்துவர் அவள் சொன்னதை எழுதினார்.

பள்ளியிலிருந்து ஏதாவது எழுதி அனுப்பினார்களா என்று கேட்டார். இழுப்பறையிலிருந்த காகிதங்களை வாரிக்கொண்டு வந்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். ஒன்று முழுதாக இருந்தது. மற்றது பட்டி வடிவத்தில் இருந்தது. முழுதாக இருந்ததை மருத்துவர் சத்தமாக வாசித்தார். 'தங்கள் மகள் கடந்த சில மாதங்களாகச் சக மாணவர்களிடமிருந்து விலகியும், உணவு உட்கொள்ளாமலும், வகுப்பில் காரணமின்றி அழுதும் காணப்படுகிறார். மனநல மருத்துவரிடம் தக்க ஆலோசனை பெற்றிடக் கேட்டுக்கொள்கிறோம். பெற்றோர் கீழ்ப்பகுதியில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும்.'

எனக்கு அப்போதுதான் தெரியும். வீட்டில் வாசிக்கிற ஒரே ஆளைப் பற்றி வந்த கடிதத்தை, அவளிடமே கொடுத்து என்ன போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறேன்.

"கையெழுத்து வாங்கினதுக்கு அப்புறம் பள்ளிக்கூடத்துலேர்ந்து யாராவது கூப்பிட்டுக் கேட்டாங்களா?"

"இல்லைம்மா. ஃபைல்ல வச்சிருக்குன்னு சொன்னாங்க. அந்த இன்னொண்ணுல நான் சட்டைக் கைக்குப் பட்டி வெட்டிட்டேன்."

"ஆக, அவங்க ஃபைல்ல வச்சாங்க. நீங்க பட்டி வெட்டினீங்க."

திட்டவில்லை. சட்டையின் கிழிசலை விரலால் காட்டுகிற மாதிரி காட்டினார். இந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரியும் என்று அப்போது முடிவு செய்தேன்.

இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, நோய் என்றார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்புறம் மாத்திரை, வாரம் ஒருநாள் பேச்சு. வீட்டில் கத்தி, பிளேடு, மாத்திரை எல்லாம் பூட்டி வையுங்கள் என்றார். தையல் வீட்டில் பூட்ட ஆரம்பித்தால் எங்கே முடிப்பது? ஆனாலும் அத்தனை கத்திரியையும் எண்ணி, ஊசி உட்பட, பெட்டியில் பூட்டிச் சாவியை மனைவி இடுப்பில் செருகிக்கொண்டாள். "உனக்கு வேற எதாவது வேணுமாம்மா?" என்று மருத்துவர் கேட்டதற்கு அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பள்ளிக்கூடத்தை நிறுத்திடாதீங்க."

நிறுத்துவதற்குத்தான் பெரிய டீச்சர் தயாராக இருந்தார்.

"டி.சி. வாங்கிக்கோங்க. நல்லபடியா குணமாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அந்த வார்த்தை வேணாம் டீச்சர்."

"எந்த வார்த்தை?"

"பாத்துக்கலாம். நானும் சொன்னேன், நீங்களும் சொன்னீங்க. யாரும் பாக்கலை."

"இங்க ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பொறுப்பு? அதைச் சொல்லுங்க முதல்ல."

அளவு நோட்டை மேஜையில் விரித்தேன். மருத்துவர் கொடுத்த கடிதத்தையும் பக்கத்தில் வைத்தேன். அதை வரும் வழியில் ஒரு மரத்தடியில் நின்று, எழுத்துக் கூட்டி, நானே மூன்று தடவை வாசித்திருந்தேன். "ஒரே ஆள் பொறுப்புன்னா நான் என்ன டீச்சர் செய்வேன், நீங்க என்ன செய்வீங்க? முன்பக்கம் என்னோடது, முதுகுப்பக்கம் உங்களோடது. ரெண்டையும் சேர்த்துத் தைச்சாத்தான் சட்டை. யாரு, என்ன, எத்தனை மணிக்குன்னு எழுதுங்க. எனக்கு எழுத நேரமாகும்."

"மிரட்டுறீங்களா? உங்க சீருடை இல்லேன்னா எங்களுக்கு வேற தையல்காரர் கிடைக்க மாட்டாரா?"

"மிரட்டலை டீச்சர். கெஞ்சுறேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, அதான் இப்படி வருது."

பெரிய டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். விசில் டீச்சரை வரச் சொன்னார். அன்றைக்கு எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. காலை மாத்திரை, அம்மா. பத்து மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை நேரில் பார்த்துப் பேசுவது, விளையாட்டு டீச்சர். வகுப்பிலிருந்து எழுந்து வரவேண்டும் என்று தோன்றினால் காரணம் கேட்காமல் விடுவது, எல்லா ஆசிரியர்களும், சொல்லிவைப்பது தலைமையாசிரியை. புதன்கிழமை ஆஸ்பத்திரி, அப்பா, கடை அரைநாள் மூடல். விட்டுப்போன பரீட்சை, மறுபடி எழுத ஏற்பாடு, தலைமையாசிரியை. கீழே இரண்டு கையெழுத்து. என்னுடையதை அன்று சின்னதாகப் போட்டேன், வால் இல்லாமல்.

"அப்ப முழுக்கை?" என்று எழுந்திருக்கும்போது கேட்டேன்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார். "நல்லாத்தான் தைச்சிருக்கீங்க."

பதினாலும் இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அந்தப் பள்ளியில் அரைக்கையோ முழுக்கையோ அவரவர் இஷ்டம் என்று ஆனது. அது என் தையலால் வந்த விதி என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

எல்லாம் நேர்க்கோட்டில் போகவில்லை. புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வேறு மாற்றினார்கள். நன்றாகிவிட்டது என்று நானே ஒருமுறை மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். எனக்குத் தெரியாததா என்ற பழைய புத்தி. மூன்று வாரத்தில் மறுபடி ஆஸ்பத்திரி. ஒரு வகுப்பை இரண்டு முறை படித்தாள். பத்து மணிக்குப் பார்க்க வேண்டிய விசில் டீச்சர் ஒரு வாரம் லீவு போட்டபோது, அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டு பெரிய டீச்சரே மைதானம்வரைக்கும் நடந்து போனார். அவர் முழங்கால் வலி எப்படி என்று எனக்குத் தெரியும், என் கடைப்படி ஏறவே சுவரைப் பிடித்துக்கொள்கிறவர்.

இப்போது பொத்தானுக்கு இருபத்தாறு வயது. பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளர். எந்த வண்டி, எந்த ஓட்டுநர், எத்தனை மணிக்கு என்று கட்டம் போட்டு எழுதுகிற வேலை. ஓட்டுநர்கள் அவளுக்குப் பயப்படுகிறார்கள். "ரெண்டு நிமிஷம்தானே மேடம், பாத்துக்கலாம்," என்று ஒருவர் சொன்னாராம். "யாரு பாப்பாங்க, எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க," என்றாளாம். இன்னும் தினமும் ஒரு மாத்திரை உண்டு, மாதம் ஒரு புதன்கிழமை உண்டு. கெட்ட நாட்களும் உண்டு, அன்றைக்கு அவளே சொல்லிவிடுவாள்: "அப்பா, இன்னிக்கு எனக்கு இடுப்பு இருபத்திரண்டு." எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரியும். கடையை மூடிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இரண்டு மாதமாக எழுத்துக் கூட்டி நான் எழுதிய இதில் பிழை பார்த்தது அவள்தான். என் பெருமைகளில் நாலைப் பென்சிலால் அடித்தாள். மீதியை, போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன வாரம் துணி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். வேலைக்குப் போட்டுக்கொள்ள முழுக்கைச் சட்டை வேண்டுமாம், அந்தப் பழைய பட்டியோடு, இரண்டு பொத்தான், நாலு மடிப்பு.

கத்திரியைக் கீழே வைத்தேன். வெளியே நல்ல வெயில்.

"எதுக்கும்மா முழுக்கை?"

"நல்லா இருக்கும், அதுக்குத்தான். நீங்க தைச்சதுலயே அது ஒண்ணுதான் உருப்படி." என் முகத்தைப் பார்த்துவிட்டாள். போட்டிருந்த சட்டையின் கையை இரண்டு பக்கமும் தோள்வரைக்கும் மடித்துவிட்டு, இரண்டு கையையும் மேஜைமேல் நீட்டினாள். "பாருங்கப்பா. பாத்துட்டு அப்புறமா தைங்க."

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பழைய கோடுகள் வெளுத்திருந்தன, புதிது எதுவும் இல்லை. பிறகு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன்.

"நோட்டை எடுத்துக்கோ," என்றேன். "கை நீளம் இருபத்திரண்டரை."